எட்டு மூலை

தால்காவானோ துறைமுகத்தின் பின்வாசலில்
தகரக் கூரைக் கிடங்கு.
மீன்மாவு ஆலையின் நாற்றம்
கதவில் முட்டிக்கொண்டு நிற்கிறது.
உள்ளே
நிபால்தோ ஒட்டிக்கொண்டிருக்கிறான்.

கடல் தாண்டி வந்த பிஸ்கட்டுக்கு
இந்த நாட்டுச் சட்டம் தெரியாது.
அதன் நெற்றியில் ஒரு கறுப்பு எண்கோணம்:
சர்க்கரை அதிகம்.
பக்கத்திலேயே இன்னொன்று:
கொழுப்பு அதிகம்.
நான்கும் விழுந்த பொட்டலத்துக்கு
ஒசியேல் வைத்த பெயர் தளபதி.
மார்பு நிறையப் பதக்கமாம்.

குழந்தையின் கன்னத்துத் திருஷ்டிப் பொட்டு
கண்ணைத் தடுக்கும்.
இந்தப் பொட்டு
கையைத் தடுக்க வேண்டும்.
தடுக்கிறதா என்று
ஒட்டுகிறவனுக்கு யாரும் வந்து சொல்வதில்லை.

மணிக்கு அறுநூறு.
கோணலானால் பெட்டியோடு திரும்பி வரும்.
கரும்பு தின்னக் கூலியா என்று கேட்கலாம்.
இது கரும்பு என்று சொல்லக்
கூலி உண்டு,
வெள்ளிக்கிழமை மாலை, கையெழுத்துப் போட்டு.

பொட்டலத்தின் முதுகில்
எறும்பு ஊர்ந்ததுபோல் ஓர் அட்டவணை.
நூறு கிராமுக்கு இவ்வளவு,
ஒரு பங்குக்கு இவ்வளவு.
ஒரு பங்கு என்றால் இரண்டரை பிஸ்கட்.
இரண்டரையோடு எழுந்து போன மனிதரை
நிபால்தோ இதுவரை கண்டதில்லை.
அந்த அரையை யார் உடைப்பது,
மீதி அரை எங்கே போகும்?

சனிக்கிழமை. பேரங்காடி.
வெங்காயம் வாங்க வந்தவன்
பிஸ்கட் வரிசையில் நின்றுவிட்டான்.
மூன்றாம் தட்டில் அவன் ஒட்டியது.
ஒரு நூல் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.
யாரும் திருப்பி அனுப்பவில்லை.

ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருத்தி,
ஆலையிலிருந்து நேரே வந்திருப்பாள்,
பொட்டலத்தை எடுத்து முதுகைப் பார்த்தாள்.
கண்ணைச் சுருக்கினாள், கையை நீட்டிப் பிடித்தாள்.
மூக்குக் கண்ணாடி வீட்டில்.
எறும்புகள் எறும்புகளாகவே இருந்தன.
முகப்பைத் திருப்பினாள்.
அவ்வளவு தூரத்திலும்
எட்டு மூலையும் தெரிந்தது.

கூட வந்த பையன் எண்ணினான்:
"இதுல ரெண்டு. அதுல ஒண்ணு.
இதுல ஒண்ணுமே இல்ல, ஆனா நல்லாருக்காது."
அவள் சிரிக்கவில்லை.
ஒன்றுமே இல்லாத ஓட்ஸ் பை கூடைக்குள் போனது.
நிபால்தோவின் பொட்டலம் தட்டுக்குத் திரும்பியது,
முகத்தைச் சுவருக்குக் காட்டிக்கொண்டு.

தோற்றவனைப்போல் இருந்தது அவனுக்கு.
பிறகு யோசித்தான்.
இல்லை, நான் அந்தப் பக்கத்து ஆள் இல்லையே.

கல்லா வரிசையில் அவளை மறுபடி பார்த்தான்.
பையனை உருளைக்கிழங்கு தேடி அனுப்பிவிட்டு
விடுவிடுவென்று திரும்பிப் போய்
அதே பொட்டலத்தை எடுத்து வந்து
கீரைக்கட்டுக்குக் கீழே வைத்தாள்.
யாருக்கோ பிறந்தநாளாக இருக்கும்.
அல்லது அவளுக்கே, இரவுப் பணிக்கு.
தெரிந்தே எடுக்கிறாள்.
தெரியாமல் எடுத்த காலம் ஒன்று இருந்ததே.

அவன் கூடையில்
லோங்கனிசாத் தொத்திறைச்சி, பதக்கம் இரண்டு.
கல்லாப் பெண் பார்க்காதபடி கவிழ்த்து வைத்தான்.
அவளோ
கோட்டுக்குறியைத் தேடி
நிமிர்த்திப் போட்டாள்.

வீட்டில் யஸ்னா
அவன் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.
சட்டையில் ஒட்டியிருந்தது ஒன்று,
வெள்ளிக்கிழமையிலிருந்து.
உப்பு அதிகம்.
"துறைமுகக் காற்றுக்கு முதல்ல இதை ஒட்டணும்" என்றாள்.
காலையில் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு வந்தவள்;
எண்ணைக் கேட்டதற்குச் சொல்லவில்லை.

உரித்ததை எறியவில்லை.
அடுப்பங்கரை உப்பு ஜாடியில் ஒட்டினாள்,
கட்டைவிரலால் அழுத்தி, நேராக.
சட்டம்கூட அங்கே ஒட்டச் சொன்னதில்லை.

அன்றிரவு சூப் சப்பென்று இருந்தது.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னான்.